மாணவர் மடிக்கணினி: உடைமை, விதி, பராமரிப்பு

மாணவருக்கு ஆளுக்கொன்று என்ற கணக்கில் பள்ளியோ கல்வித்துறையோ வாங்கித் தரும் மடிக்கணினிகள் இன்று பல நாடுகளில் பாடநூலைப் போலவே புழங்குகின்றன. சில இடங்களில் அது இரவல். படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வேறு சில இடங்களில் கொடுத்த அன்றே மாணவருக்குச் சொந்தம். கணினி யாருடையது என்ற இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்ற எல்லா விதிகளும் கிளைக்கின்றன. வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, உடைந்தால் யார் பணம் கட்டுவது, உள்ளே இருப்பதை யார் பார்க்கலாம், பழையதானால் எங்கே போகும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே முடிவாகிறது.

இரவல் முறைக்குப் பெயர்பெற்ற முன்னோடி அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். 2000ஆம் ஆண்டில் மாநிலக் கருவூலத்தில் சுமார் 7 கோடி டாலர் உபரியாக நின்றபோது, ஆளுநர் ஆங்கஸ் கிங் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கான கணினிகளுக்குச் செலவிடலாம் என்றார். பணத்தைச் சாலைக்கும் வரிக்குறைப்பிற்கும் பயன்படுத்தலாமே என்று எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. கணினிக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரும் அம்மாநிலத்தில் குடியிருந்தவருமான சீமோர் பேப்பர்ட் திட்டத்துக்குத் துணை நின்றார். 2002ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சுமார் 17,000 ஏழாம் வகுப்பு மாணவர்களின் மேசைகளில் ஆப்பிள் ஐபுக் கணினிகள் வந்து அமர்ந்தன. மறு ஆண்டில் எட்டாம் வகுப்புக்கும் நீண்டன. மாநிலம் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கணினிகளோடு பள்ளிகளுக்கான கம்பியில்லா இணைப்பும், ஆசிரியர் பயிற்சியும், பழுதுநீக்கமும் சேர்ந்தே இருந்தன. கணினியை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர்ப் பள்ளியே முடிவு செய்தது.

தமிழ்நாடு எதிர்த் திசையில் நடந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும், கலை அறிவியல், பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி மாணவர்களுக்கும் மாநில அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து தந்தது. திறந்தால் விண்டோசும் இருக்கும், கட்டற்ற இயங்குதளமான பாஸ் லினக்சும் இருக்கும். மேல்மூடியில் அரசு முத்திரை. அடுத்த சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி இதுதான். திருப்பித் தர வேண்டியதில்லை. விற்கக் கூடாது என்பதுதான் முக்கிய விதி. அந்த முத்திரையும் வரிசை எண்ணும் விற்பனையைத் தடுக்கவே. ஆனாலும் பழைய பொருள் சந்தையிலும் இணைய விளம்பரங்களிலும் அரசு மடிக்கணினிகள் தலைகாட்டியதையும், விநியோகத்துக்கு முன்பே பள்ளி அறைகளின் பூட்டை உடைத்துத் திருடு போனதையும் செய்தித்தாள்கள் அவ்வப்போது எழுதின.

2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்தக் கணினிகளின் அருமை புலப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் மடிக்கணினியைப் பள்ளிக்கு எடுத்து வந்து பாடக் காணொளிகளைப் பதிவேற்றிக்கொள்ள ஏற்பாடு நடந்தது. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி. கெட்டுப்போன கணினியை வைத்திருந்தவர்களுக்கோ அந்த உதவி எட்டவில்லை. சொந்தமாகக் கொடுக்கும் முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஒரு பேட்டரி மாற்றும் செலவே கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பாரம். மாநிலத்தின் 2025-26 நிதிநிலை அறிக்கை 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்போவதாக அறிவித்தது. வாங்கும் செலவோடு பழுதுநீக்கும் செலவையும் இத்தகைய திட்டங்களின் கணக்கில் சேர்ப்பது அவசியம்.

இரவல் முறையில் கணினி கைக்கு வருமுன் ஒரு பயன்பாட்டு உடன்படிக்கையில் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பெற்றோர் ஒரு மாலைக் கூட்டத்துக்கு வந்தால்தான் கணினி வீட்டுக்குப் போகும். உடன்படிக்கையின் வாசகங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் சாரம் ஏறக்குறைய ஒன்றே: பள்ளி தந்த கணக்கில் மட்டும் நுழைய வேண்டும், கடவுச்சொல்லை நண்பரிடம்கூடச் சொல்லக் கூடாது, அனுமதியின்றி மென்பொருள் நிறுவக் கூடாது, சொத்து எண் வில்லையைக் கிழிக்கக் கூடாது, தினமும் முழுச் சார்ஜுடன் வகுப்புக்கு வர வேண்டும், தொலைந்தால் உடனே பள்ளிக்கும், திருடு போனால் காவல் நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். கூடவே ஆண்டுக்கு ஒரு சிறு காப்பீட்டுக் கட்டணம் இருக்கும். தவறி விழுந்து திரை உடைந்தால் காப்பீடு ஏற்கும். வேண்டுமென்றே உடைத்தாலோ சார்ஜரைத் தொலைத்தாலோ பெரும்பாலும் குடும்பமே கட்ட வேண்டும்.

அந்தச் சிறு கட்டணம் ஒரு பெரிய வழக்கில் வந்து முடிந்த கதை உண்டு. பிலடெல்பியா நகருக்கு அருகே, வசதியானவர்கள் வாழும் புறநகர் லோயர் மெரியன். அந்தக் கல்வி மாவட்டம் தன் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்கள் எல்லோருக்கும் மேக்புக் வழங்கியிருந்தது. காணாமல் போன கணினியைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருளும் உள்ளே வைத்திருந்தது. அதை முடுக்கிவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்கேமரா வழியே ஒரு படமும், திரையில் ஓடுவதன் படமும் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பும். ஒரு மாணவர் 55 டாலர் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தாமல் கணினியை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தார். அவருடைய கணினியில் அந்தக் கண்காணிப்பு ஓடத் தொடங்கியது. 2009 நவம்பரில் துணை முதல்வர் ஒருவர் அவரை அழைத்து, வீட்டில் தவறாக நடந்துகொண்டதற்குச் சான்றாக ஒரு படம் இருப்பதாகச் சொன்னார். படத்தில் அவர் கையில் இருந்தது மிட்டாய் என்றது குடும்பம்.

2010 பிப்ரவரியில் வழக்கு வந்ததும் கண்காணிப்பு நிறுத்தப்பட்டது. மாவட்டமே நியமித்த வழக்கறிஞர்கள் விசாரித்தபோது, இரண்டு ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தது தெரியவந்தது. கணினி மீட்கப்பட்ட பிறகும் சிலவற்றில் கண்காணிப்பு ஓடிக்கொண்டே இருந்ததால்தான் இத்தனை குவிந்தன. இப்படி ஒரு வசதி இருப்பதை மாணவருக்கோ பெற்றோருக்கோ பள்ளி சொல்லியிருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. படுக்கையறை வரை போகும் ஒரு பொருளைக் கொடுக்கும்போது, அதன் கண் எப்போது திறக்கும், யார் பார்ப்பார் என்பதை எழுத்தில் சொல்வது பள்ளியின் கடமை. மாணவரிடம் கையெழுத்துக் கேட்கும் தாளில் பள்ளியின் கடமைகளும் இடம்பெற வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இணைய வடிகட்டி வேறு கதை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இணையக் கட்டணத்தில் நடுவண் அரசின் சலுகை பெறும் பள்ளிகள் ஆபாசத் தளங்களைத் தடுத்தாக வேண்டும். ஆனால் பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகள் ஐபேட் வழங்கிய சில வாரங்களிலேயே சுமார் 300 மாணவர்கள் அதிலிருந்த கட்டுப்பாட்டு அமைப்பை நீக்கிவிட்டு விரும்பிய தளங்களுக்குப் போனார்கள். அதிர்ந்த நிர்வாகம் கருவிகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வதையே நிறுத்தி வைத்தது.

திருட்டைத் தடுப்பதில் நல்ல யோசனைகள் வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2009 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு லெனோவோ சிறு மடிக்கணினிகளைத் தந்தபோது, திருடு போனால் தொலைவிலிருந்தே செயலிழக்கச் செய்யும் பூட்டை அடிப்படை நிரலிலேயே பதித்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவருக்குக் கணினி சொந்தமாகிவிடும். படிக்கும் காலத்தில் பள்ளியின் பொறுப்பு, முடித்தபின் மாணவரின் உடைமை என்ற இந்த நடுவழி, தனி இரவலையும் தனி இலவசத்தையும்விட அறிவுடையது.

குழந்தையின் கையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்ட கணினி எக்ஸ்ஓ. உருகுவே நாடு 2007 மே மாதம் வில்லா கார்டால் என்ற சிற்றூர்ப் பள்ளியில் அதை வழங்கத் தொடங்கி, 2009க்குள் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தது. அதன் விசைப்பலகை ஒரே ரப்பர் விரிப்பு. தண்ணீரோ மணலோ இடுக்கில் புகாது. இரு பக்கமும் காதுபோல நிற்கும் ஆன்டெனாக்களை மடக்கினால் அவையே யுஎஸ்பி துளைகளை மூடிவிடும். சுழலும் வன்தட்டு கிடையாது. திரை வெயிலிலும் தெரியும். கைப்பிடிக்குள் சில உபரித் திருகுகளை வைத்தே அனுப்பினார்கள். மாணவரும் ஆசிரியரும் தாங்களே கழற்றிப் பூட்ட வேண்டும் என்பது எண்ணம்.

சாதாரண மடிக்கணினிக்கு அந்தக் காப்புகள் இல்லை என்பதால் பழக்கம்தான் காப்பு. திரை உடைவதற்கு ஒரு பொதுவான காரணம், விசைப்பலகை மேல் பென்சிலோ இயர்போனோ கிடக்க, பார்க்காமல் மூடுவது. மூடியைப் பிடித்துத் தூக்கினாலோ ஒரு ஓரத்தைப் பிடித்துத் திறந்தாலோ கீல் தளரும். திறக்கும்போது மூடியின் நடுவில் பிடிக்க வேண்டும். பையில் புத்தக அடுக்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே திணிப்பது ஆகாது. சார்ஜர் ஒயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் கழுத்துப் பகுதியில் உள்கம்பி அறுந்துவிடும், தளர்வாகச் சுருட்டுவதே சரி. மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டினால் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். திரையைத் துடைக்க மென்துணி போதும். எதையும் நேராகத் தெளிக்கக் கூடாது. தண்ணீரோ டீயோ கொட்டிவிட்டால் உடனே ஒயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம் போலக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் ஈரத்தோடு ஆன் செய்வதுதான் பெரும்பாலும் போர்டைச் சாகடிக்கிறது.

பேட்டரிக்குத் தனிக் கவனம் வேண்டும். லித்தியம் அயான் பேட்டரிக்குப் பெரிய பகை வெப்பம். அடுத்தது, முழுச் சார்ஜில் நெடுநாள் கிடப்பது. வெயிலில் நிறுத்திய காரிலோ தகரக் கூரையின் கீழோ வைத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஜப்பானின் தோகுஷிமா மாகாணம் இதை 2023 கோடையில் அனுபவித்தது. அங்கே மாகாண உயர்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கிய சுமார் 16,500 கைக்கணினிகளில் 3,500க்கும் மேற்பட்டவை பழுதாயின. பேட்டரி உப்பியதே முக்கியக் காரணம். தேர்வு மாதங்களில் கணினியை பீரோவில் வைப்பவர்கள் பாதிச் சார்ஜில் அணைத்து வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒட்டக் காலியான நிலையில் பல மாதம் கிடந்தால் பேட்டரி மீண்டும் சார்ஜ் ஏறாமலே போகலாம். அடிப்பகுதி புடைத்து, தொடுதட்டு மேலெழும்பினால் அது உப்பிய பேட்டரியின் அறிகுறி. சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்த வேண்டும். அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கணினியின் துளைகளில் எதையாவது நுழைப்பதும் இதே போல ஆபத்து. 2025 மே மாதம் டிக்டாக் காணொளிகளைப் பார்த்து அமெரிக்க மாணவர்கள், கூகுளின் இயங்குதளம் கொண்ட பள்ளிக் குரோம்புக்குகளின் துளைகளில் பென்சில் கரியையும் உலோகத் துண்டுகளையும் சொருகியபோது புகையும் தீயும் கிளம்பி வகுப்பறைகளைக் காலி செய்ய நேர்ந்தது.

கடுமையான விதிகளுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. உடைந்தால் பணம் கட்ட வேண்டும் என்ற பயத்தில் ஏழைக் குடும்பம் கணினியைத் துணியில் சுற்றிப் பூட்டி வைக்கிறது. உடைந்ததைச் சொன்னால் திட்டு விழும் என்று மாணவர் மறைக்கிறார். சிறு விரிசல் பெரும் பழுதாகிறது. தண்டத்தை உயர்த்துவது இதற்கு மருந்தல்ல. கெட்டதை வாங்கிக்கொண்டு அன்றே மாற்றுக் கணினி தரும் ஏற்பாடுதான் மருந்து. ஜப்பான் இதைக் கணக்கில் சேர்த்தது. மாணவருக்கு ஆளுக்கொரு கருவி தர 2019 டிசம்பரில் அறிவித்த கிகா பள்ளித் திட்டத்தில் ஒரு கருவிக்கு 45,000 யென் வரை மானியம் தந்த அரசு, அடுத்த சுற்றில் அதை 55,000 யென்னாக உயர்த்தியது. மாணவர் எண்ணிக்கைக்கு மேல் 15 விழுக்காடு வரை உபரிக் கருவிகளுக்கும் மானியம் உண்டு என்றது.

உடல் நன்றாக இருந்தாலும் மென்பொருளின் ஆயுள் தீர்ந்தால் கணினி ஓய்வுபெற வேண்டியதுதான். குரோம்புக் ஒவ்வொன்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு நிற்கும் தேதி உண்டு. 2023 செப்டம்பரில் கூகுள் அந்தக் காலத்தைப் பத்து ஆண்டாக நீட்டியது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய விலையில்லா மடிக்கணினிகள் பலவும் புதிய விண்டோசை ஏற்காது. அவற்றில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் தட்டச்சுக்கும் பாடக் காணொளிக்கும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

திருப்பி வாங்கிய கணினிகளுக்கும் தேவை இருக்கிறது. வர்ஜீனியாவின் ஹென்ரைக்கோ மாவட்டம் 2005 ஆகஸ்ட் 16 அன்று நான்கு ஆண்டு ஓடிய 1,000 ஐபுக்குகளைத் தலா 50 டாலருக்கு விற்றபோது ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து, நெரிசலில் பலர் காயப்பட்டனர்.

கணினியை ஒப்படைக்கப் போகும் மாணவர் முதலில் தன் கட்டுரைகளையும் படங்களையும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் கணினிகளைப் பள்ளிகள் துடைத்து அழித்துவிட்டே அடுத்தவருக்குத் தருகின்றன. அதன்பின் மீட்க வழியில்லை. எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கிவிட வேண்டும். சொத்து எண்ணும் வரிசை எண்ணும் ரசீதில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, சார்ஜரையும் பையையும் சேர்த்துக் கொடுத்து, கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.