ஆலை ஊரும் பால் ஊரும்

குஜராத்தில் அகமதாபாத்தும் ஆனந்தும் அக்கம்பக்கத்து ஊர்கள் மாதிரிதான். ரயில் ஏறினால் காலை வேளைக்குள் போய்ச் சேரலாம். இரண்டு ஊர்களிலும் பேர்பெற்ற மேலாண்மைப் பள்ளிகள். ஒன்றை வளர்த்தவர் ரவி மத்தாய். மற்றதை நிறுவியவர் வர்கீஸ் குரியன். இருவரும் மலையாளிகள், நெருங்கிய உறவினர்கள்கூட. வட்டாரத் தொழிலோடு உயர்கல்வியைச் சேர்ப்பதில் மட்டும் ஆளுக்கொரு வழி.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் 1961இல் தொடங்கியபோது கஸ்தூர்பாய் லால்பாய், விக்ரம் சாராபாய் என்று ஊரின் மில் குடும்பங்களே முன்னின்றன. மில் மேலாளர்களுக்கான பயிற்சிக்கூடமாக அது சுருங்கிப்போயிருக்கலாம். 1965இல் முழுநேர இயக்குநராக வந்த மத்தாய் அப்படி ஆகவிடவில்லை. முனைவர் பட்டம் இல்லாதவர். கல்கத்தாவில் கம்பெனி நிர்வாகம் பார்த்தவர். முதலாளிகளின் குணம் தெரிந்ததால்தான் அவர்களை எட்ட நிறுத்தத் தெரிந்ததோ என்னவோ. எதைக் கற்பிப்பது என்பதை ஆசிரியர்கள் தீர்மானித்தார்கள். வேளாண்மையும் பாடமாக வந்தது. 1980களில் அகமதாபாத் மில்கள் வரிசையாக மூடப்பட்டன. பள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலிலேயே ஒரு தொழில் நொடித்தபோது அதன் பட்டதாரிகள் பெரும்பாலும் வேறு ஊர்களில், வேறு கம்பெனிகளில் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குரியனின் எரிச்சலே அதுதான். கிண்டியில் பொறியியல் படித்து 1949இல் ஆனந்துக்கு வந்தவர் அவர். அங்கே அவர் நிர்வகித்த கைரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் வளர வளர, நிர்வாகம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். நகரத்து மேலாண்மைப் பட்டதாரிகளோ கூட்டுறவில் நிலைக்கவில்லை. பெரிய கம்பெனிச் சம்பளம் இழுத்துக்கொண்டது. 1979இல் ‘இர்மா’ என்ற ஊரக மேலாண்மைக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே மாணவர் கிராமத்தில் போய்த் தங்க வேண்டும். பாலில் கொழுப்பை அளந்து விலை போடுவதையும், சங்கத் தேர்தலில் சாதி புகுவதையும் அங்கேதான் பார்க்க முடியும். வகுப்பறையில் அச்சிட்டுத் தரும் கேஸ் ஸ்டடியில் இந்த வாடை வராது.

ஆனால் ஒரு சிக்கல். பால்துறையின் தலைவரே பள்ளிக்கும் தலைவர் என்றால், கூட்டுறவின் குறையை எந்தப் பேராசிரியர் உரக்கச் சொல்வார்? குரியன் 2006 வரை அந்த நாற்காலியில் இருந்தார். மத்தாய் ஏழே ஆண்டுகளில், 1972இல், தாமாகவே இயக்குநர் பதவியை விட்டு, அதே வளாகத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1975இல் ராஜஸ்தானின் ஜவாஜாவுக்குப் போய், நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலை செய்தார். மில் முதலாளிகளிடம் நெருங்காதவர், அழைக்க முதலாளியே இல்லாத ஊருக்குத் தேடிப் போனார்!

தொழிலோடு கல்வியைப் பிணைத்ததில் குரியனுக்கே முதலிடம். அதில் எனக்குத் தயக்கமில்லை. பதவியை எப்போது விடுவது என்பதற்கு மத்தாயிடம்தான் போக வேண்டும். 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இர்மா திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அதன் பாடத்திட்டத்தைக் கூட்டுறவுத் தலைவர்களிடம் கொடுக்காமல், ஆசிரியர்கள் கையில் விடுங்கள்.