பெரிய வீட்டுச் சாவி

1976 பிப்ரவரியில் இருபது வயதுப் பையன் ஒருத்தன் கோபமாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினான். 'ஆல்டேர்' என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்காக அவனும் நண்பர்களும் எழுதிய 'பேசிக்' மென்பொருள், துளை போட்ட காகித நாடாவில் விற்பனைக்கு வந்திருந்தது. ஒருத்தர் வாங்கினால் போதும், நண்பர்கள் எல்லோருக்கும் காப்பி. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடக் காசு கொடுத்து வாங்கவில்லை, இதற்குப் பெயர் திருட்டு என்று பொருமியிருந்தான்.

பையன் பெயர் பில் கேட்ஸ். கடிதத்தால் உலகம் ஒன்றும் திருந்திவிடவில்லை.

கால் நூற்றாண்டு கழித்து அவருடைய கம்பெனி கடிதத்துக்குப் பதில் பூட்டோடு வந்தது. 2001 அக்டோபர் 25-ல் கடைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் 25 எழுத்துச் சாவியைத் தட்டினால் மட்டும் போதாது. முப்பது நாளுக்குள் இன்டர்நெட்டிலோ டெலிபோனிலோ மைக்ரோசாஃப்ட்டிடம் சொல்லி 'ஆக்டிவேட்' செய்தாக வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் ப்ராஸஸர், ஹார்ட் டிஸ்க் என்று பல பாகங்களைச் சேர்த்துக் கைரேகை மாதிரி ஓர் எண் தயாராகும். சாவி அந்த ரேகையோடு கட்டப்பட்டுவிடும். டெலிபோன் என்றால் ஐம்பது இலக்கங்களை மூச்சு வாங்க வாசிக்கணும்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் சரி, பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிடலாம். ஐயாயிரம் கம்ப்யூட்டர் இருக்கிற பாங்க் என்ன செய்யும்? சிஸ்டம் அட்மின் பகலெல்லாம் நம்பர் ஒப்பித்துக்கொண்டிருந்தால் வேலையை யார் பார்ப்பது? மொத்தமாக வாங்குகிறவர்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். அவர்களைச் சங்கடப்படுத்த முடியுமா? அதனால் அவர்களுக்கு மட்டும் 'வால்யூம் லைசென்ஸ்' என்று தனிப் பதிப்பு கொடுத்தார்கள். ஒரே சாவி. எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம். ஆக்டிவேஷன் கிடையாது.

சின்ன வீட்டுக்கெல்லாம் பூட்டு, பெரிய வீட்டுக்கு மட்டும் திறந்த கதவு. திருடன் எந்தப் பக்கம் போவான்?

போனான். விற்பனைக்கு வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அப்படியொரு சாவி வெளியே கசிந்துவிட்டது. எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ என்று ஆரம்பிக்கும் அந்தச் சாவி, மார்க்கர் பேனாவால் எழுதப்பட்ட சி.டி.க்களில் உலகம் சுற்றியது. உங்களில் சிலருக்கு மிச்ச இருபது எழுத்தும் இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். (வெளியே சொல்ல வேண்டாம்!) 2002-ல் வந்த 'சர்வீஸ் பேக் 1' அந்தச் சாவியை மறுத்தது. ஆனால் சாவியை மட்டும் மாற்றிவிடும் குட்டிப் புரோகிராம்களும் கிடைத்தன. கதை தொடர்ந்தது.

பாடம் புரிந்து, விஸ்டாவில் முறையையே மாற்றினார்கள். நிறுவனங்களுக்கு 2006 நவம்பரிலும் பொதுமக்களுக்கு 2007 ஜனவரியிலும் விஸ்டா வந்தது. இனி பெரிய வீட்டிலும் பூட்டு உண்டு. ஆனால் காவல்காரர் அந்த வீட்டு ஆளாகவே இருப்பார். அவர் பெயர் கே.எம்.எஸ். கம்பெனிக்குள்ளேயே ஓடும் ஒரு சர்வர். ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் மைக்ரோசாஃப்ட்டைக் கூப்பிட வேண்டியதில்லை. இவரிடம் வந்து 'உள்ளேன் ஐயா' சொன்னால் போதும். 180 நாளுக்கு அனுமதி. அது முடியும்வரை காத்திராமல் ஏழு நாளுக்கு ஒருமுறை மெஷின் தானாகவே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம். குறைந்தது 25 மெஷின் வந்து கையைத் தூக்கினால்தான் காவல்காரர் அனுமதியே கொடுப்பார். 24 என்றால் ஒருத்தருக்கும் கிடையாது. சாவியைத் திருடி வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் இன்னும் 24 பேருக்கு எங்கே போவான் என்ற கணக்கு. சின்ன ஆபீஸ்களுக்கு 'மேக்' என்று வேறு சாவி. இத்தனை மெஷின் என்று எண்ணிக் கொடுப்பார்கள்.

திருடர்கள் சும்மா இருப்பார்களா? சாவியைத் திருடுவதை விட்டுவிட்டு, காவல்காரர் மாதிரியே வேஷம் போட ஆரம்பித்தார்கள். போலி கே.எம்.எஸ். புரோகிராம்கள் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்தன. அந்தப் பெயரில் வந்த சிலதில் வைரஸும் இலவசம்.

காசு கொடுத்தவர்கள் கதை என்ன? 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் சரிபார்க்கும் சர்வரில் யாரோ தவறான மென்பொருளை ஏற்றிவிட்டார்கள். ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு, நியாயமாக வாங்கிய விண்டோஸையெல்லாம் 'அசல் இல்லை' என்றது அது. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவு என்று கம்பெனி விளக்கம் சொன்னது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, தன் மேஜையிலேயே திருடன் பட்டம் வாங்கியவருக்கு 12,000 என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன?

விண்டோஸ் 10 காலத்தில் லைசென்ஸ், மெஷினை விட்டு மனிதர் மேல் ஏற ஆரம்பித்தது. சந்தா கட்டும் நிறுவனங்களில் ஊழியர் தன் கணக்கில் நுழைந்தால் ஆக்டிவேஷன் தானாக நடக்கும்.

1976-ல் அந்தப் பையன், காப்பி எடுக்கிறவர்களின் மனசாட்சியைத் தட்டிப் பார்த்தான். இன்றைக்கு மனசாட்சியை யாரும் கேட்பதில்லை. சர்வர் கேட்கிறது. திருட வந்தவன் பின்வாசலைத் தேடிப் போய்விடுகிறான். வாசலில் நின்று கை தூக்குகிறவர், அன்றும் இன்றும், காசு கொடுத்து வாங்கியவர்தான்.