வரைகலை அட்டைகளும் அளவுகோலின் வரலாறும்

“அளக்கிற நாழி அகவிலை அறியுமா?” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நாழி அறியாதிருக்கலாம், ஆயின் அதனைக் கையிலேந்தி அளப்பவன் விலையை நன்கறிவான். பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் பலர். அப்பொருள்களை அளந்த கோலின் வரலாற்றை எழுதுவோர் சிலரே. கணினித் திரையில் உருவங்களைத் தீட்டும் வரைகலை அட்டையின் ஏறக்குறைய முப்பதாண்டுக் கதையை ஆராயுமிடத்து, இவ்விரண்டாவது வரலாறே நமக்குப் பெரிதும் வேண்டப்படுவது. பழைய அட்டையிலும் புதியது எத்துணை மேலானது என்ற எளிய வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. அவ்விடைகளைத் தந்தவர் யாவர் என்பதே இங்கு நமது ஆராய்ச்சிக்குரியது.

1996 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவின் திரீடிஎவ்எக்ஸ் நிறுவனம் வூடூ என்னும் அட்டையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதன் நினைவகம் 4 மெகாபைட் மாத்திரமே. முப்பரிமாண உருவங்களை மட்டுமே அது தீட்டும். ஏனைய வேலைகளுக்கு வேறோர் அட்டை வேண்டியிருந்தது. 2022 இல் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 4090 அட்டையின் நினைவகமோ 24 ஜிகாபைட். அதாவது ஆறாயிரம் மடங்குக்கும் மேல். இவ்வளர்ச்சி மெய்யானது, மனித உழைப்பும் அறிவும் ஈட்டிய பெருஞ்சாதனை. அதனை மறுப்பது பேதைமை. ஆயினும், தூர இருக்கும் இரு முனைகளை ஒப்பிடுவது எளிது. அடுத்தடுத்த இரு படிகளை ஒப்பிடும்போதே சிக்கல் தோன்றுகின்றது. வாங்குபவன் தீர்மானிக்கவேண்டியிருப்பதும் அவ்விடத்திலேயேயாம்.

செக்கனுக்கு எத்தனை சட்டகங்களைத் தீட்டுகின்றது என்பதே தொடக்கத்தில் பெருவழக்காயிருந்த அளவை. பந்தயக் குதிரைகளைப்போல அட்டைகள் ஒரே விளையாட்டை ஓட்டின; எண் பெரிதாயின் வெற்றி. ஆனால், பரீட்சை வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பரீட்சையின் கதி யாது? 2001 இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தின் ரேடியன் 8500 அட்டையைச் சோதித்தவர்கள் விந்தையொன்றைக் கண்டனர். குவேக் என்னும் விளையாட்டின் கோப்பிலிருந்த பெயரைக் ‘குவாக்’ என மாற்றியதும் வேகம் குறைந்தது. படத்தின் தரமோ உயர்ந்தது. சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும் விளையாட்டின் பெயரைக் கண்டவுடன், அட்டையின் இயக்கி மென்பொருள் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியமையே இதன் மர்மம்.

இரண்டாண்டுகளின் பின் நிகழ்ந்தது இதனினும் பாரதூரமானது. அட்டைகளை அளப்பதற்கென்றே திரீடிமார்க் என்னும் மென்பொருளைப் பின்லாந்தின் பியூச்சர்மார்க் நிறுவனம் ஆக்கியிருந்தது. அச்சோதனையில் பார்வை செல்லும் பாதை எப்பொழுதும் ஒன்றே. அதனையறிந்த என்விடியா நிறுவனத்தின் இயக்கி, பார்வைக்கு வாராத பகுதிகளைத் தீட்டாது தவிர்த்தது என 2003 மே மாதத்தில் பியூச்சர்மார்க் வெளிப்படுத்தியது. அத்தந்திரங்களைச் செயலிழக்கச் செய்தபோது ஜீபோர்ஸ் எவ்.எக்ஸ். 5900 அல்ட்ராவின் புள்ளி 24.1 வீதம் வீழ்ந்தது. எதிரணியான ரேடியன் 9800 புரோவின் புள்ளி 1.9 வீதம் குறைந்தது. ஜூன் மாதத்திலோ, இரு நிறுவனங்களும் சேர்ந்து விடுத்த அறிக்கையில், இது ஏமாற்றன்று, குறித்தவொரு மென்பொருளுக்கான சீராக்கமே எனக் கூறப்பட்டது. அளக்கப்படுவோன் அளப்போனுக்கு அருகில் அமரும்போது சொற்களின் பொருளும் மாறிவிடுகின்றது.

எண் பொய்யாகாதவிடத்தும் அது உண்மையை மறைத்தல் கூடும். ஒரு செக்கனில் 59 சட்டகங்கள் 800 மில்லிசெக்கனில் விரைந்து முடிகின்றன. எஞ்சிய ஒன்று 200 மில்லிசெக்கனை விழுங்குகின்றது எனக் கொள்வோம். சராசரி 60 தான். ஆனால் கண் காண்பதோ ஒரு திடுக்கமும் தடுமாற்றமும். 2011 இல் ஸ்கொட் வாஸன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஒவ்வொரு சட்டகத்தின் நேரத்தையும் தனித்தனியே அளந்து எழுதியபின், இவ்வுண்மையைச் சோதனையாளர் பலர் ஏற்றுக்கொண்டனர். ஊரின் சராசரி வருமானத்தைக் காட்டி ஊரிலே பசியில்லை என வாதிப்பவர்க்கும் இதுவே விடையாகும்.

இனி, அண்மைக்காலத்தை நோக்குவோம். 2017 இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1080 ரிஐ அட்டையின் அறிமுக விலை 699 டொலர். நினைவகம் 11 ஜிகாபைட். 2018 இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 2080 அட்டையும் 699 டொலரிலிருந்தே விற்கப்படும் என அறிவிக்கப்பட்டது. நினைவகமோ 8 ஜிகாபைட்டாகச் சுருங்கியது. அன்றிருந்த விளையாட்டுக்களில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே ஓடின. ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படந்தீட்டும் ஆற்றல் புதியதில் இருந்தது. அதனைப் பயன்படுத்தும் விளையாட்டோ அது வெளிவந்த நாளில் ஒன்றேனும் இல்லை. வருங்காலம் நிகழ்காலத்தின் விலைக்கு விற்கப்பட்டது எனலாம்.

2025 ஜனவரியில், 549 டொலர் விலையுள்ள ஆர்.ரி.எக்ஸ். 5070, 1599 டொலருக்கு வெளிவந்த 4090 இன் செயற்றிறனைத் தரும் என என்விடியாவின் தலைவர் ஜென்சன் குவாங் மேடையிலே அறிவித்தார். இவ்வொப்பீடு எதன்மேல் நின்றது? புதிய அட்டை, தான் உண்மையாய்த் தீட்டிய ஒவ்வொரு சட்டகத்தின் பின்னும் ஊகத்தால் ஆக்கிய மூன்று சட்டகங்கள்வரை செருகவல்லது. அவையும் கணக்கிற் சேர்ந்தன. மார்ச் மாதத்தில் அட்டை கடைக்கு வந்தபோது, செருகலின்றி அளந்த சுயாதீனச் சோதனையாளர், அது 4090 இற்கு மிகப் பின்னே நிற்பதைக் கண்டனர். ஊகச் சட்டகம் பயனற்றதன்று. அசைவை அது மென்மையாக்கும். ஆயின் விரலசைவுக்குத் திரை மறுமொழி தரும் விரைவை அது கூட்டுவதில்லை. அரிசியையும் தவிட்டையும் ஒரே நாழியில் அளந்து மொத்தத்தைச் சொல்லுதல் வாணிகமாகலாம், ஒப்பீடாகாது.

அட்டை பழையதாவதும் எப்பொழுதும் இயற்கையாலன்று. 2012 முதல் வெளிவந்த கெப்ளர் வரிசை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டு இயக்கிகள் 2021 ஒக்ரோபரோடு நிறுத்தப்பட்டன. அவ்வட்டைகளின் சிலிக்கன் தேய்ந்துவிடவில்லை. மாறாக, 2007 இல் ஏ.எம்.டி. நிறுவனம் தன் அட்டைகளின் நுட்ப விவரங்களைப் பகிரங்கமாக்கத் தொடங்கியதனால், கட்டற்ற மென்பொருளாளர் எழுதிய இயக்கிகளைக்கொண்டு மிகப் பழைய அட்டைகளும் லினக்ஸ் கணினிகளில் உயிர்வாழ்கின்றன. அறிவு பொதுவுடைமையானால் பொருளின் ஆயுளும் நீளும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 2022 இல் உலகம் ஒதுக்கிய மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சிக்குட்பட்டதாகப் பதிவாகியது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுதல் தகும்.

இவ்வரலாறு புதியதைப் பழிப்பதற்கன்று. கோலைக் கையிலெடுத்தவன் யார், எதனை அளந்தான், எதனை அளவாது விட்டான் என்று கேட்கக் கற்பதற்கேயாம். ஒரு கோப்பின் பெயரை மாற்றிப்பார்த்த சிலரின் ஐயமே ஒரு பெருநிறுவனத்தின் தந்திரத்தை வெளிக்கொணர்ந்தது. சிறிய வருவாயில் மிச்சம்பிடித்து ஓர் அட்டை வாங்கப்போகும் இளைஞனுக்கு, விற்பவன் நீட்டும் வரைபடத்தினும் அத்தகைய ஐயமே உற்ற துணையாகும். அளவுகோல் மக்களின் கையில் இருக்குமட்டுமே ஒப்பீடு அறிவாகும்; விற்பவன் கைக்கு மாறிய கணமே அது விளம்பரமாகிவிடும்.