தாத்தா பெயர் பழைய சென்சஸில் இருக்குமா? சிவகாசி நாரணாபுரத்தில் வேர் தேடுவோருக்கு... முழு விவரம்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கினப்போ, 2002, 2005 பட்டியல்ல அப்பா, அம்மா பேரை செல்போனில் தேடினது ஞாபகம் இருக்கா? பேர் கிடைச்சதும் அடுத்த கேள்வி தானா வரும். தாத்தா, பூட்டன் பேரெல்லாம் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்குமே, அதை எங்கே பார்க்கிறது?

பார்க்க முடியாது என்பதுதான் பதில்.

பிரிட்டனில் 100 ஆண்டு ஆனதும் சென்சஸ் படிவங்களைத் திறந்துவிடுறாங்க. 1921 படிவங்கள் 2022 ஜனவரியில் வெளியாகின. அமெரிக்காவில் 72 ஆண்டு கணக்கு. 1950 படிவங்கள் 2022 ஏப்ரலில் வந்தன. அங்கே வீட்டு முகவரியோடு தாத்தா பேரையே எடுத்துவிடலாம்.

இந்தியாவில் அப்படி இல்லை. 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, கணக்கெடுப்பாளர் எழுதிய பதிவைப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது. சிவில் வழக்கில் அதை ஆதாரமாகவும் காட்ட முடியாது. ஆங்கிலேயர் காலத்துத் தனிநபர் சீட்டுகளோ, எண்ணி முடித்ததும் பாதுகாத்து வைக்கப்படவே இல்லை. அதனால 'உங்க தாத்தா பேர் போட்ட 1931 சென்சஸ் நகல் எடுத்துத் தர்றேன்'னு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. பாகப்பிரிவினை வழக்குக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இதை நம்பி அலைவதும் வீண்.

அப்போ பழைய சென்சஸால் பயனே இல்லையா?

இருக்கு. ஆள் பேர் கிடைக்காது, ஊர் கிடைக்கும். 1951-லிருந்து மாவட்ட வாரியாக வந்த சென்சஸ் கையேடுகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் மக்கள்தொகை, எழுத்தறிவு போன்ற விவரங்கள் உண்டு. சென்சஸ் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கலாம்.

இதில் நாரணாபுரத்துக்காரங்க கவனிக்க வேண்டியது மாவட்டத்தின் பெயரை. விருதுநகர் மாவட்டம்னு தேடினா 1985-க்கு முன்னால் எதுவும் கிடைக்காது. 1910 வரை இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லா. அந்த ஆண்டு ராமநாதபுரம் ஜில்லா உருவானதும் அதற்குள் போனது. 1985-ல்தான் தனி மாவட்டம். சிவகாசியே அந்தக் காலத்தில் சாத்தூர் தாலுகாவில் இருந்த ஊர். போதாததுக்கு, நாரணாபுரம், நாராயணபுரம்னு மற்ற மாவட்டங்களிலும் ஊர்கள் இருக்கு. தாலுகா பேரைச் சரிபார்க்காமல் போனா வேற ஊர்க் கணக்கைக் கையில் வச்சிக்கிட்டு நிப்பீங்க.

சாதிப் பெயரும் மாறியிருக்கும். 1910-ல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் தொடர்ந்து போராடிய பிறகு, 1921 கணக்கெடுப்பு சமயத்தில்தான் பழைய பெயருக்குப் பதிலா 'நாடார்' என்பதை அரசு ஏற்றது. அதற்கு முந்தைய பத்திரத்தில் வேற பேர் இருந்தா, அது வேற குடும்பம்னு ஒதுக்கிடாதீங்க.

சரி, ஆள் பேர் எங்கே கிடைக்கும்?

முதலில் வீட்டு டிரங்குப் பெட்டி. பழைய கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் ரெண்டு பேரோட தகப்பனார் பேரும் இருக்கும். ஒரே பத்திரத்தில் ரெண்டு தலைமுறை கிடைச்சிடும். பத்திரம் தொலைஞ்சிருந்தா சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடல் மனு போட்டு நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்றிதழ் இணையத்தில் வராத பழைய ஆண்டுகளுக்கும் இதே வழிதான்.

நிலம் இருந்த குடும்பம்னா 'அ' பதிவேடும், அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் பதிவேடும் பாருங்க. சர்வே எண்ணுக்கு நேரா பட்டாதாரர் பேர் இருக்கும். பழைய பதிவேடுகளுக்குக் கலெக்டர் அலுவலக ஆவணக் காப்பறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ரெண்டிலும் கேட்கணும். நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்தப் பாதை உதவாது. அவங்களுக்குப் பிறப்பு-இறப்புப் பதிவு, பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவக் குடும்பம்னா சபையின் ஞானஸ்நானப் பதிவேடு இவைதான் கை கொடுக்கும். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்பு பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்தாச்சு. கிராமத்தில் எழுதி வச்சது முன்சீப். ஆனா பழைய பதிவுகளில் குழந்தையின் பேர் இல்லாம, தகப்பனார் பேரும் தேதியும் மட்டும் இருப்பது சகஜம்.

இன்னொண்ணு. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் சிவகாசி சுத்துப்பட்டில் ஏராளம். அவங்க பூட்டன் பேர் நாரணாபுரம் பதிவேட்டில் எப்படி இருக்கும்? குலதெய்வம் எந்த ஊர், மாசி சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ எங்கே போறீங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அந்தக் கோயில் வரி நோட்டில் பங்காளிகள் பேர் வரிசையா இருக்கலாம். அரசு ஆவணம் கேட்டுப் போறதுக்கு முன்னால இதைச் செய்துடுங்க. அந்தப் பெரியவங்க காத்திருக்க மாட்டாங்க.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல், 1931-க்குப் பிறகு முதல்முறையா எல்லாச் சாதிகளின் விவரமும் சேர்த்து எடுக்கப்படுது. முழுக்க டிஜிட்டல். ஆனா அதே 15-வது பிரிவுதான் இதுக்கும். நீங்க சொல்ற பதிலை நாளைக்கு உங்க பேரன் போய்க் கேட்டாலும் தரமாட்டாங்க.