உற்பத்தி நின்றுபோன சிப்பைத் தேடி

பேட்டரியில் ஓடும் பழைய ஃபோர்க்லிஃப்ட்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த மின்தடைச் சுருள்கள் இருந்தன. பேட்டரி கொடுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு அவற்றில் வீண் சூடாகவே போனது. 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான தைரிஸ்டர் இதை மாற்றியது. மின்னோட்டத்தை விட்டுவிட்டு மோட்டாருக்கு அனுப்பும் கன்ட்ரோலர்கள் அதை வைத்தே வந்தன. பிறகு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அதையடுத்து மைக்ரோபிராசசர் வந்தன.

சிக்கலும் கூடவே வந்தது. நன்றாகப் பராமரித்தால் வண்டி இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கும். கன்ட்ரோலர் கார்டில் உள்ள ஐ.சி. சிப்பின் உற்பத்தியோ அதற்கு வெகுமுன்பே நின்றுவிடும். நிறுத்தப்போவதாக அறிவித்தபின், கடைசி ஆர்டர் கொடுக்கப் பொதுவாகச் சில மாத அவகாசம்தான். கைப்பிடி அளவே வாங்கும் பழுதுபார்ப்பவருக்கு அந்த அறிவிப்பே எட்டுவதில்லை.

இந்த இடைவெளியிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது. 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய ராசெஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ், உற்பத்தி நின்ற சிப்களின் மிச்ச இருப்பை மொத்தமாக வாங்கி வைத்தது. சிலவற்றைத் தயாரிப்பாளரின் அனுமதியோடு மீண்டும் செய்தும் கொடுத்தது. நாசாவே இந்தத் தேடலுக்குத் தப்பவில்லை. விண்வெளி ஓடத்தின் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிகளுக்கு, 1978இல் வெளிவந்த இன்டெல் 8086 சிப் தேவைப்பட்டது. அதைக் கழற்றி எடுப்பதற்காகவே நாசா பழைய மருத்துவக் கருவிகளை வாங்கிய செய்தி 2002இல் வெளியானது.

தட்டுப்பாடு இருந்தால் போலியும் வரும். சீனாவின் குய்யூ போன்ற ஊர்களில் மின்குப்பைக் கார்டுகளைச் சூடாக்கிப் பிரித்த சிப்கள், மேல் எழுத்து சுரண்டப்பட்டு, வேறு எண் அச்சிடப்பட்டுப் புதுச்சரக்காகச் சந்தைக்கு வந்தன. ராணுவத் தளவாட விநியோகத்துக்குள்ளேயே போலி எனச் சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 சம்பவங்களை அமெரிக்க செனட் குழு கண்டறிந்து, 2012இல் அறிக்கை வெளியிட்டது. டன் கணக்கில் சுமை தூக்கும் வண்டியின் கார்டில் போலி மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால், வண்டி கட்டுப்பாடின்றிப் பாயக்கூடும். அருகில் ஆட்கள் நடக்கும் கிடங்கில் அது உயிருக்கே ஆபத்து. சோதிக்காமல் எந்தப் பழைய சரக்கையும் கார்டில் பற்றவைக்கக் கூடாது.

அசல் சிப் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. பழைய கார்டுகள் பலவற்றில் வண்டிக்கான புரோகிராம் ஈப்ராம் சிப்புக்குள் இருக்கும். புதிதாக வாங்கியது வெற்றுச் சிப். அனுபவமுள்ள டெக்னீஷியன் அதனால்தான் ஈப்ராமின் கண்ணாடிச் சாளரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரை உரிப்பதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பதிவு அழிந்துவிடக்கூடும். கார்டு உயிரோடிருக்கும்போதே அந்தப் பதிவை நகலெடுத்து வைத்துக்கொள்கிறார்.