கும்பிடுபூச்சி இறாலுக்கான கடல்நீர்த் தொட்டி

கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடக்கி வைத்திருந்து, இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் அவற்றை விசையோடு விரித்துத் தாக்கும் கடல்வாழ் ஓட்டுடலிகள் கும்பிடுபூச்சி இறால்கள் எனப்படுகின்றன. ஸ்டொமட்டோபோடா என்னும் வரிசையில் அடங்கும் இவற்றில் 450க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்திய-பசிபிக் கடல்களின் இனங்களைக் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகச் சேகரிப்பைக் கொண்டு ஸ்டான்லி கெம்ப் 1913இல் விரிவாக விவரித்தார். புதுச்சேரி–கடலூர் சாலையில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம் போன்ற ஊரில் இவ்வுயிரிக்குத் தொட்டி அமைப்போர் பெரும்பாலும் அதன் அடியின் வலிமையை எண்ணியே அஞ்சுவர். உண்மையில் கடினமானது, ஆண்டு முழுவதும் நீரைச் சீராக வைத்திருப்பதே.

தாக்கும் முறையைக் கொண்டு இவை குத்துவன, அடிப்பன என இரு வகைப்படும். கூரிய முட்களால் இரையைக் குத்திப் பிடிக்கும் முதல் வகை சேற்றுத் தரையில் ஆழமாக வளை தோண்டி வாழ்வது. மியாகெல்லா நேபா முதலிய இவ்வினங்கள் விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கிக் கழிசலோடு கரைசேர்ந்து, உலர்த்தப்பட்டு, கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகின்றன. கடலூர்த் துறைமுகத்தில் எளிதில் கிடைப்பதாலேயே இவை வளர்ப்புக்கு ஏற்றவை என்று கொள்ளலாகாது. வலையில் நசுங்கி வருபவை பிழைப்பது அரிது, பிழைத்தாலும் அவற்றுக்குத் தேவையான சேற்று ஆழத்தைச் சிறு தொட்டி தராது. முழங்கை போன்று தடித்த கால்முனையால் நண்டையும் சிப்பியையும் அடித்து உடைக்கும் இரண்டாம் வகையே தொட்டிக்கு உரியது. பவளக் கற்குவியல்களின் பொந்துகளில் வாழும் இவ்வகையினம் மன்னார் வளைகுடாவில் உண்டெனினும், 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் உயிரினம் பிடிப்பது குற்றமாதலால், அங்கிருந்து பிடித்துவரப்பட்டதை வாங்குவது முறையன்று.

அடிக்கும் வகையில் பெயர்பெற்றது, 18 செ.மீ. வரை வளரும் மயில் கும்பிடுபூச்சி இறால் ஆகும். அதன் கால் நொடிக்கு 14 முதல் 23 மீட்டர் வேகத்தில் பாய்வதை ஷீலா படேக்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் அளந்தனர். அவ்வேகத்தில் நீரில் உண்டாகி உடைந்தழியும் ஆவிக்குமிழ்கள் இரையை இரண்டாம் முறை தாக்குகின்றன. இவ்வினத்துக்கு 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். 5 முதல் 8 செ.மீ. வரையுள்ள கோனோடாக்டைலஸ் இனங்களுக்கு 40 லிட்டர் போதும். கண்ணாடி உடைவது மிக அரிது. எனினும் வளை தோண்டும்போது அடிப்பலகையே அடிபடுவதால் மணலுக்கு அடியில் அக்ரிலிக் தகடு ஒன்றை விரிப்பது நல்லது.

நீரைப் பொறுத்தவரை கிருமாம்பாக்கத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. பனித்திட்டு, நரம்பை ஆகிய கடற்கரைகள் அருகில் இருப்பினும், அக்கரை வடக்கே சுண்ணாம்பாற்றுக்கும் தெற்கே தென்பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்டதாதலால், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுநீர் கலந்து கரையோர நீரின் உப்பளவு குறைந்து கலங்கலும் மிகுகிறது. ஆகவே கோடையில் நல்ல நீர் தந்த அதே இடம் மழைக்காலத்தில் உதவாது. மரக்காணம் உப்பளத்து உப்பைக் கரைத்தால் போதும் என்று கருதுவதும் தவறு. பாத்தியில் சோடியம் குளோரைடு முதன்மையாகப் படிகமாகும்போது மக்னீசியத்தின் பெரும்பகுதி எஞ்சிய கசப்புநீரோடு வெளியேறிவிடுவதாலும், கால்சியம் முன்பே தனியே படிந்துவிடுவதாலும், ஓடு வளர்க்கும் உயிரிக்கு அவ்வுப்பு பயன்படாது. கடல்மீன் தொட்டிக்கென விற்கப்படும் கலவை உப்பை ஆர்.ஓ. நீரில் கரைத்து, ஒப்படர்த்தியை 1.023 முதல் 1.026க்குள் வைப்பதே பிழையற்ற வழி.

இவ்வாறு நிரப்பிய தொட்டியில் உடனே உயிரியை விடலாகாது. கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்; முதலிரண்டும் சோதனையில் சுழியம் காட்டிய பின்னரே அது பாதுகாப்பாகும். இப்பாக்டீரியாக்கள் தங்க மேலைநாடுகளில் பவளக் கற்களை இடுவர். இந்தியாவில் 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், நுண்துளைப் பீங்கான் துண்டுகளையே நாட வேண்டும். உடல்நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத, உள்ளே திரும்ப இடமுள்ள பி.வி.சி. குழாயை மணலில் சாய்த்துப் புதைத்தால் அதுவே வளையாகும்.

நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை செல்சியஸுக்குள் இருத்தல் வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் மேலிருந்து மின்விசிறி வீசச் செய்தால் ஆவியாதலால் சில பாகை குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பன்று என்பதால் குறைந்த அளவை நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தபோது மின்சாரம் நாட்கணக்கில் நின்றுபோன பகுதி இது. மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு இங்கு ஆடம்பரப் பொருளன்று.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கடல்நண்டு, மட்டி, இறால் துண்டு ஆகியவற்றை இரையாக இடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்கூட்டியே உறையவைத்துக்கொள்வர். பாகூர் வயல்களில் மிகுதியாகக் கிடைக்கும் வயல்நண்டைத் தவிர்க்க வேண்டும். அதில் தங்கிய பூச்சிக்கொல்லி ஓட்டுடலிகளைக் கொல்லவல்லது. மீன் நோய்க்கான செப்பு மருந்துகளும் அத்தகையனவே. தோலுரிக்கும் காலத்தில் உயிரி வளைவாயைக் கற்களால் அடைத்து, உண்ணாமல் நாட்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அப்போது வளையைக் கிளறுவதே இறப்புக்குக் காரணமாவதுண்டு. பின்னர் வெளியே தள்ளப்படும் வெற்றோடு செத்த உடல்போலவே தோன்றினும், ஓரிரு வாரங்களில் ஓடு இறுகிய உயிரி மீண்டும் வேட்டைக்கு வரும். இழந்த கால்களும் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் முளைத்து வளரும்.