காற்றில் இயங்கும் கலை: புகார்க் கொடி முதல் வல்வெட்டித்துறைப் பட்டம் வரை

முன்னுரை

தமிழகச் சிற்ப வரலாறு பெரிதும் கல்லையும் செம்பையும் சான்றாகக் கொண்டு எழுதப்பட்டது. அசையும் பொருள்கள் அதில் இடம்பெறுவது அரிது. வல்லக்கோட்டை முருகன் கோயிலைச் சூழ்ந்த ஒரகடம் தொழிற்பகுதியில், ஆலைக் கூரைகள் சிலவற்றின் மேல் உலோகக் குமிழ்கள் காற்றால் சுழல்கின்றன. அவை வெப்பக் காற்றை வெளியேற்றும் கருவிகள், சிற்பங்கள் அல்ல. எனில், காற்றால் இயங்கும் பொருள் எப்போது கலையாகிறது? அதன் இயக்கமே பொருளுணர்த்தும்போது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கால்டரின் இயங்குசிற்பம்

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) எந்திரப் பொறியியல் பயின்றவர். அவருடைய தொடக்கக்கால இயங்குசிற்பங்களுள் சில, கைப்பிடியாலும் மின்பொறியாலும் இயங்கின. 1931இல் மார்செல் டியூசாம் அவற்றுக்கு 'மொபைல்' என்று பெயரிட்டார். பொறி தரும் அசைவு ஒரே ஒழுங்கில் மீள்வது. காற்று தரும் அசைவோ முன்னறிய இயலாதது. கால்டர் தகடுகளைக் கம்பியில் சமன்செய்து தொங்கவிட்டு, இயக்கத்தைக் காற்றிடம் ஒப்படைத்தார். 1955இல் கீரா சாராபாயின் அழைப்பை ஏற்று அகமதாபாத்தில் தங்கிச் சிற்பங்கள் செய்தார். ஆயினும் காற்றின் அசைவில் பொருள் காணும் நோக்கு இந்திய மண்ணுக்குப் புதிதன்று.

இலக்கியச் சான்றுகள்

புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியோர் மரபில் வந்தவனாகக் கரிகாலனை விளிக்கிறார். இங்குக் காற்று பயன்கொள்ளும் ஆற்றலாகிறது. பட்டினப்பாலை, புகாரின் கொடிகளை வகைப்படுத்துகிறது: தெய்வம் உறையும் வாயில், வாதுக்கு அழைக்கும் ஆசிரியர் இடம், நங்கூரமிட்ட கலம், கள் விற்கும் மனை. கொடியின் பொருளை இங்கு இடமே தீர்மானிக்கிறது. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில் இந்நிலை மாறுகிறது. மதுரை மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா எனக் கைகாட்டித் தடுப்பனவாக இளங்கோவடிகள் காண்கிறார். அசையாத கொடியில் இத்தற்குறிப்பேற்றம் அமையாது. பொருள் அசைவிலேயே பிறக்கிறது.

வல்வெட்டித்துறைப் பட்டங்கள்

கொடியில் அசைவுக்குப் பொருள் தருபவர் புலவர். பட்டத்தில் அசைவையே கைவினைஞர் வடிவமைக்கிறார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப் போட்டி இதற்குச் சிறந்த சான்று. கொக்கு, பிராந்து, எட்டுமூலை முதலிய மரபு வடிவங்களோடு, முப்பரிமாண உருவங்களும் அங்கு மக்கள் முன் ஏற்றப்படுகின்றன. 'விண்' என்பது வில்போல் வளைத்த சிலாகையில் இழுத்துக் கட்டிய மெல்லிய பட்டை. காற்றில் அதிர்ந்து ஒலியெழுப்புவது. எடை, சமநிலை, முச்சைக் கட்டு ஆகியவை பிழைத்தால் உருவம் எத்துணை அழகாயினும் நிலைகொள்ளாது. கால்டர் தகட்டில் தேடிய சமநிலையும் இத்தகையதே.

முடிவுரை

கொடி இயக்கத்தால் பொருளுணர்த்துகிறது. பட்டம் அவ்வியக்கத்திற்கென்றே உருவாக்கப்படுகிறது. ஆகவே இரண்டும் இயங்குசிற்ப வரலாற்றுக்கு உரியன. ஆனால் தாளும் நாரும் அழியக்கூடியவை. சுவரில் மாட்டிய பட்டம் பாதிச் சான்று மட்டுமே. அதன் ஏற்றமும் அசைவும் ஒலியும் அங்கு இல்லை. எனவே பட்டத்தைச் சேகரிப்பதோடு நில்லாமல், அதன் அளவு, முச்சைக் கட்டும் முறை, ஏற்றும் காலத்துக் காற்று, விண்ணின் ஒலி ஆகியவற்றையும் கைவினைஞரின் சொற்களிலேயே ஆவணப்படுத்துவது ஆய்வுலகின் உடனடிப் பணியாகும்.